நாற்பத்தொரு குறைகள்

1

இந்த ஜூன் மாதத்தோடு நாங்கள் ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஓசூரிலிருந்து விமான நிலையத்துக்குப் போன வாடகைக் காரில், மூன்று வயது அருண் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமலே பிடித்துக்கொண்டு என் மடியில் தூங்கிப்போனான். அத்திப்பள்ளி தாண்டியதும் என் கணவர், தமிழ்நாடு முடிந்தது என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வருடா வருடம் அந்த நாளில் கேசரியாவது கிளறுவேன். இந்த முறை செய்யவில்லை. அருண் இங்கே இல்லை. பொங்கல் கழித்து ஓசூருக்குப் போனவன் அங்கேயே இருக்கிறான். யாருக்காக ஊரை விட்டு வந்தோமோ அவன் அந்த ஊரில் இருக்கிறான். நாங்கள் இங்கே இருக்கிறோம்.

எங்கள் மூவருக்கும் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டுதான். இங்கே தங்குவதற்கு ஆளுக்கொரு அனுமதி அட்டை உண்டு. அந்த அட்டைக்காரர் ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் அட்டை செல்லாமல் போய்விடும். அருணுக்கு அந்த ஆறு மாதம் ஜூலை நடுவில் முடிகிறது. மே மாதக் கடைசியில் நான் செய்த ஒரு காரியத்தால் அவன் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். திரும்பி வருவானா, வந்தாலும் பேசுவானா என்று தெரியாமல் மூன்று வாரம் கழிந்தது. அந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒன்பது வருடம் ஓசூர் சிப்காட்டில் ஒரு கியர் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். என் வேலை காதால் செய்கிற வேலை.

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை. அதை நாய்ஸ் ரூம் என்போம். இரண்டு கியர்களை ஜோடியாக மாட்டி, கதவைச் சாத்தி, சுழலவிட்டுக் கேட்க வேண்டும். ஏதாவது ஒரு பல்லில் முடியளவு அடிபட்டிருந்தால்கூட, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்' வரும். அதைப் பிடித்து, எந்தப் பல் என்று சாக்பீஸால் குறித்து, ஷீட்டில் எழுதி, சிவப்பு அட்டை கட்டி வெளியே அனுப்புவேன். சத்தமே இல்லாத ஜோடியும் ஆகாது. சத்தமே இல்லையென்றால் பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை என்று அர்த்தம்.

எனக்குப் பாம்புக் காது என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆபரேட்டர்கள் தெலுங்கில் கெஞ்சுவார்கள், சூப்பர்வைசர் கன்னடத்தில் திட்டுவார், ஷீட்டை நான் இங்கிலீஷில் நிரப்புவேன், கேன்டீனில் எல்லோருமாகத் தமிழில் சண்டை போடுவோம். தளியிலிருந்து வரும் சீனப்பா என்ற ஆபரேட்டர், அவருடைய பீஸ்களை நான் தொடர்ந்து தள்ளிவிட்டு அவருக்கு ஊக்கத்தொகை போன ஒரு நாளில், கைகூப்பிச் சொன்னார்: "மேடம், நாளைக்கு ஒரு நாளு காதுல பஞ்சு வெச்சிக்கினு வாங்க. எங்க வூட்டுலயும் கறி ஆக்கட்டும்."

அந்தக் கம்பெனி பஸ்ஸும், மார்கழிக் காலையில் ஸ்வெட்டருக்கு மேல் யூனிஃபார்ம் கோட்டு மாட்டிக்கொண்டு பனியில் நின்றதும், பஸ் திருப்பத்தில் பசுமைக் குடில்களிலிருந்து ரோஜாக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு எதிரே வரும் டெம்போக்களும் இங்கே பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது நினைவுக்கு வரும். இந்த ஊர்க் குளிர் வேறு. ஓசூர்க் குளிரில் யாராவது பக்கத்தில் நின்று ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

என் கணவருக்கு இங்கே ஒரு இயந்திர நிறுவனத்தில் வேலை கிடைத்தது. என் டிப்ளமோவை இரண்டு முறை அனுப்பினேன். இரண்டு முறையும் மரியாதையான கடிதத்தோடு திரும்பி வந்தது. மொழி வகுப்பில் தேறினேன். ஆனாலும் கடைசியில் ஒரு பள்ளியின் சமையலறையில்தான் இடம் கிடைத்தது. பதினொரு வருடமாக அங்கே உருளைக்கிழங்கு வேகவைக்கிறேன். அடுப்பு தானே மணியடித்து நிற்கும். அங்கே என் காதுக்கு வேலை இல்லை.

3

அருணுக்குப் பதினொரு வயதில் கிட்டார் வாங்கிக் கொடுத்தோம். பள்ளியில் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். மீட்டுவதற்கு வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் வில்லையை அவன் தொலைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் அது வேண்டாமென்று விரலாலேயே வாசிக்கப் பழகினான். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் ஒரே சீராக நடந்துகொண்டிருக்கும். மற்ற மூன்று விரல்கள் மேலே பேசிக்கொண்டிருக்கும். இரண்டு ஆள் வாசிப்பதுபோல இருக்கும்.

நான் சமையலறையிலிருந்தே, "மூணாவது கம்பி இறங்கியிருக்குடா" என்று குரல் கொடுப்பேன். "எப்பிடிம்மா தெரியுது உனக்கு?" என்பான். முறுக்காணியைத் திருப்பும் சத்தம் கேட்கும். "இப்ப?" "இன்னும் கொஞ்சம்." "இப்ப?" "ம்."

பதினைந்து வயதுக்கு மேல் கதவு சாத்திக்கொண்டது. எங்கள் வீட்டுத் தமிழ் வருடத்துக்கு வருடம் குறைந்தது. சாப்பிடு, வேண்டாம், சரி, எத்தனை மணிக்கு என்ற அளவுக்கு வந்து நின்றது. நாங்கள் தமிழில் கேட்போம். அவன் ஜெர்மனில் பதில் சொல்வான். இப்படி எத்தனையோ வீடுகளில் நடக்கிறது, நமக்கும் நடக்கிறது என்று இருந்துவிட்டேன்.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கட்டண விஷயமாக இருக்கும் என்று பிரித்தேன். தேர்வு எதையும் எழுதாததால் அவன் பெயரை நீக்கிவிட்டதாக இருந்தது. தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு, நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடுதான் போய்க்கொண்டிருந்தான். எங்கே போனான் என்று கேட்டதற்கு, ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன் என்றான். பிறகு தமிழில், "முடியலம்மா" என்றான். அதற்கப்புறம் பல வாரங்கள் அவன் பேசவே இல்லை. சாப்பாடு பாதியில் நின்றது. குளியலறைக்குப் போவதற்குக்கூட அவன் அப்பா வந்து தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

மருத்துவர் மாத்திரையோடு ஒரு மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. நான் காலையில் அவன் அறைக் கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் வந்தால் வேலைக்குப் போவேன். வராவிட்டால் உடம்பு சரியில்லை என்று பள்ளிக்குச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

ஜனவரி தொடக்கத்தில் அவனாகவே கேட்டான், முருகேசன் மாமா வீட்டுக்குப் போகட்டுமா என்று. முருகேசன் என் தம்பி. ஓசூரில் சிப்காட்டை ஒட்டிய ஒரு சந்தில், கீழே டூல் கிரைண்டிங் பட்டறையும் மேலே வீடுமாக இருக்கிறான். சுற்றியுள்ள சிறு தொழிற்சாலைகளின் டிரில்களையும் கட்டர்களையும் சாணை பிடித்துக் கொடுப்பதுதான் அவன் தொழில். அந்த இரைச்சலில் இவன் எப்படி இருப்பான் என்று என் கணவர் கேட்டார். எனக்கும் அதே கவலைதான். ஆனால் பல மாதங்களில் அவன் கேட்ட ஒரே விஷயம் அது.

4

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சமையலறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் அவனிடமிருந்து செய்தி வந்தது. ஒன்பது ஒலிக்கோப்புகள். பெயரில்லை, எண் மட்டும். கீழே தமிழில் தட்டியிருந்தான்: "ம்மா, ஆல்பம் மாதிரி ஒண்ணு. வெளிய விடறதுக்கு முன்னாடி கேட்டுட்டு சொல்லு."

அவன் என்னிடம் ஏதோ கேட்டிருந்தான். அதுவும் என் காதிடம் கேட்டிருந்தான். அந்தச் சந்தோஷத்தை இங்கே யாரிடம் சொல்வது? என்னோடு வேலை செய்யும் பெண்ணிடம் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

சனிக்கிழமை என் கணவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அவருடைய பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். வரிசை எண், பாகம், நேரம், குறை, முடிவு. பதினெட்டு வருடம் கழித்தும் கட்டங்களின் அகலம் கைக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்டேன். விரல் கம்பியில் வழுக்கும் கீச்சொலி. நகம் பலகையில் படும் சத்தம். நாற்காலி முனகல். ஐந்தாவதில் தூரத்தில் ஒரு குக்கர் விசில். ஏழாவதில் ஒரு கம்பி சுருதி இறங்குகிறது. எட்டாவதில் ஏதோ ஹாரன். மொத்தம் நாற்பத்தொரு குறை. எட்டுப் பாகங்களுக்கு 'ரீவொர்க்', அதாவது திருத்த வேண்டும் என்று எழுதினேன். மூன்றாவதுக்கு நேரே இப்படி எழுதினேன்: "தொடக்கம் முதல் முடிவு வரை மூச்சுச் சத்தம். நீக்கவும். முடியாவிட்டால் ரிஜெக்ட்."

அடியில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். படமெடுத்து அனுப்பினேன். அன்று மாலை வெகுநாளைக்குப் பிறகு பருப்பு வடை சுட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையை ஒழுங்காக முடித்த திருப்தி அது.

5

அவன் பார்த்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை. மறுநாள் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. மறு வாரம் தம்பி கூப்பிட்டான். எடுத்ததும் நான் "யா, சொல்லுடா" என்றால் அவன் எப்போதும் கிண்டல் செய்வான், ஆமான்னு சொல்ல வாய் வலிக்குதா துரைசாணி என்று. அன்றைக்குக் கிண்டல் இல்லை.

"ஏன்க்கா, நீ இன்னா அனுப்பின அவனுக்கு?"

குறை இருந்ததைச் சொன்னேன், அவன்தான் கேட்டான் என்றேன்.

"கிட்டார உறையில போட்டு பீரோ மேல ஏத்திட்டான். கீழ வந்து என்கூட டிரில்லு புடிக்கறான். நேத்து மட்டும் நாப்பது டிரில்லு. நல்லாதான் புடிக்கறான், அதான் எனக்கு பயமா இருக்குது."

பேசுகிறானா என்று கேட்டேன். சாப்பாட்டுக்கு வா என்றால் வருவான், அவ்வளவுதான் என்றான். பிறகு நான் அதுவரை அறியாத ஒன்றைச் சொன்னான். மாதம் ஒரு முறை பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் கரண்ட்டை நிறுத்துவார்களே, அந்த நாட்களில் சந்தில் ஒரு இயந்திரமும் ஓடாது. அருண் பேட்டரியில் ஓடும் ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் பதிவு செய்வானாம். ஒரு நாள் போதவில்லை. அதனால் மற்ற நாட்களில் மத்தியானம் ஒரு மணி நேரம் தம்பி தன் இயந்திரத்தை நிறுத்தினான். பக்கத்துப் பட்டறை பாஷா பாயிடம் போய்ச் சொன்னான், அவரும் நிறுத்தினார். எதிரே வெல்டிங் கடைக்காரர் மட்டும் முதலில் சண்டைக்கு வந்தாராம். அப்புறம் அவரும் அந்த நேரத்தில் சாப்பிடப் போக ஆரம்பித்தார்.

"சந்தே மூச்சக் கட்டிக்கினு உக்காந்திருந்தோம்க்கா, அவன் மூச்சு மட்டும் கேக்கட்டும்னு. நீ அதப் போயி ரிஜெக்ட் பண்ணியிருக்கற."

மேசையில் கிடந்த அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"உன் கம்பெனி பீஸுன்னு நெனச்சிக்கினியா?" என்று கேட்டுவிட்டு, "அழுவாத. நான் பாத்துக்கறேன்" என்றான்.

அடுத்த நாள் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்றாவதைப் போட்டேன். தாளும் பேனாவும் இல்லாமல் கேட்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. எந்த இடத்தில் என்ன குறை என்று மனம் முன்கூட்டியே ஓடிப்போய் நின்றுகொண்டது. இரண்டாவது முறை போட்டபோதுதான் இசை கேட்டது. கட்டைவிரல் ஒரு தாழ்ந்த சுரத்தில் தொடங்கி, நாலு தட்டு நடக்கிறது. அப்போது மேலே ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில்தான் அவன் மூச்சை இழுக்கிறான். பிறகு மூச்சு வெளியே வர வர, மற்ற விரல்கள் ஆறு சுரங்களை ஒவ்வொன்றாக வைக்கின்றன. ஒவ்வொன்றும் நாம் எதிர்பார்ப்பதற்குச் சற்றுத் தாமதமாக வந்து உட்காருகிறது. மறுபடி நாலு, மறுபடி ஆறு. ஐந்து நிமிடமும் அதுதான். வேகம் கூடவில்லை. சோகம் என்றும் சொல்ல முடியாது. பகலில் ஒரு வீட்டில் யாரோ தனக்குத்தானே நடமாடிக்கொண்டிருப்பது கேட்குமே, அப்படி இருந்தது.

நாலு உள்ளே, ஆறு வெளியே. எத்தனை நாள் கதவோரம் நின்று இதே சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அந்த மூச்சு கேட்டால்தான் எனக்குச் செருப்பு மாட்டக் கால் வரும். அதையேதான் நீக்கவும் என்று எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வந்து, உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தபோது, என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். அதைச் சொல்ல என்னிடம் ஜெர்மன் இல்லை.

மன்னித்துக்கொள் என்று தட்டினேன், அழித்தேன். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை, படித்தால் பயந்துவிடுவான். கடைசியில், "மூணாவத இன்னிக்கு பஸ்ல கேட்டேன்" என்று மட்டும் அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

6

ஜூன் மூன்றாவது வாரம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். ஆறு மாதம் முடியும் முன்பே காரணம் சொல்லி விண்ணப்பித்தால், அட்டை காலாவதியாகாமல் இன்னும் சில மாதம் வெளியே இருக்க அனுமதிப்பார்கள். ஜனவரியில் அவன் புறப்படும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று அருணிடம் ஒரு அதிகாரக் கடிதம் வாங்கி வைத்திருந்தேன். என் கணவருக்கு இதில் விருப்பமில்லை. கெடுவைத் தள்ளிப்போட்டால் பையன் வரவே மாட்டான், ஜூலையில் டிக்கெட் போட்டு அனுப்பிவிடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவன் வந்து இங்கே மறுபடி அந்தக் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன செய்வது என்பது என் பயம். இரண்டு பயத்தில் எது பெரியது என்று எங்களால் தீர்க்க முடியவில்லை. கடைசியில் நான் மட்டும் போனேன்.

எண் வாங்கிக்கொண்டு காத்திருந்தேன். அதிகாரி என் வயதுப் பெண். படிவத்தைப் பார்த்தார். திரும்பி வரும் தேதி என்ற கட்டம் காலியாக இருந்தது. இன்னும் தெரியவில்லை என்றேன். தெரியவில்லை என்று எழுத முடியாது, கேட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

நடைபாதையில் நின்று தம்பியைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். விஷயத்தைச் சொன்னேன். தட்டு நகரும் சத்தம் கேட்டது. "இந்தாடா, உங்கம்மா ஆபீசுல நிக்குது" என்று சொல்வது கேட்டது.

"ம்மா."

மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் போய், "சாப்டியாடா?" என்றுதான் வந்தது.

"சாப்டுனுதான் இருக்கேன்." அவன் தமிழ் மாறியிருந்தது. என் தம்பி பேசுவதுபோலவே பேசினான். பிறகு அவனாகவே சொன்னான்: "ஏழாவது நீ எழுதினது கரெக்ட்டு. மூணாவது கம்பி எறங்குது. எனக்கும் என்னமோ தப்பா இருந்துச்சு, எங்கன்னு தெரியல."

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல."

"ம். அத மட்டும் மறுபடி வாசிக்கறேன். மத்ததெல்லாம் அப்பிடியே இருக்கும்."

"இருக்கட்டும்."

"குக்கர் விசிலும் இருக்கும்."

"இருக்கட்டும்டா. மூணாவத மட்டும் தொடாத."

அவன் சிரித்தானா, மூக்கை உறிஞ்சினானா என்று என் காதுக்கே தெரியவில்லை. எப்போது வருவாய் என்று கேட்கிறார்கள், என்ன எழுதட்டும் என்று கேட்டேன். தம்பி மனைவி யாருக்கோ மோர் ஊற்றட்டுமா என்று கேட்பது கேட்டது. நான் அவசரப்படுத்தவில்லை.

"டிசம்பர்னு எழுது," என்றான். பிறகு, "அப்பவும் முடியலன்னா, நீ வா."

நான் ஓசூருக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது. விடுப்பு கிடைக்கவில்லை, டிக்கெட் விலை, அவன் பரீட்சை என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது. நீ வா என்று அவன் என்னை எங்கும் கூப்பிட்டதும் இல்லை.

உள்ளே போனேன். காரணம் என்ற இடத்தில் நாலு கட்டங்கள் இருந்தன. படிப்பு, நோய், குடும்பம், வேறு. மருத்துவரின் கடிதம் என் பையில் இருந்தது. நோய் என்று குறித்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். இந்த ஐந்து மாதமாக எல்லோரிடமும், அவன் விடுமுறையில் இருக்கிறான் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். வேறு என்ற கட்டத்தில் டிக் செய்து, பக்கத்தில் 'வேலை' என்று எழுதினேன்.

"என்ன வேலை?" என்று அதிகாரி கேட்டார்.

ஒரு இசை ஆல்பம் செய்கிறான், தனியாக, விரலால் வாசிக்கும் கிட்டார் என்றேன். இலக்கணம் தப்பியிருக்கும். அவர் முகத்தில் மாற்றமில்லை, கணினியில் தட்டினார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, டிசம்பர் முடிவு வரை என்று போடட்டுமா என்றார்.

"மார்ச் வரை போடுங்கள்," என்றேன்.

அவர் மார்ச் என்று போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். டிசம்பர் என்று அருண் சொன்னதை வீட்டில் சொல்லிவிட்டேன். கூடுதலாக வாங்கிய மூன்று மாதத்தைப் பற்றி என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.